மூன்றாவது ஆவணி

குணநாயகம் சேர் காலமான செய்தி வந்தபோது, தண்ணீர் இறைக்கும் பழைய மிசின் ஒன்றைக் கழற்றிக் கடை வாசலில் பரப்பி வைத்திருந்தேன். செய்தி கொண்டுவந்தவர் அவருடைய பழைய மாணவர் நந்தகுமார். இப்போது பல்கலைக்கழகத்தில் சேரின் பகுதியிலேயே கணிதம் படிப்பிக்கிறார். மண்ணெண்ணெய் என்ன விலை என்று கேட்டுக்கொண்டே சைக்கிளால் இறங்குவது அவர் வழக்கம். அன்று இறங்கவில்லை. ஒரு காலை நிலத்தில் ஊன்றியபடி நின்றார்.

"அண்ணை, சேர் விடியப்புறம் மோசம் போயிட்டார். நெஞ்சு நோகுதெண்டு ரீச்சரை எழுப்பினவராம். வாகனம் பிடிக்கிறதுக்கிடையிலை முடிஞ்சுது."

ரீச்சர் என்றது சேரின் மனைவியை. நான் கையிலிருந்த, நட்டுக் கழற்றும் சாவியைக் கீழே வைத்தேன். எனக்கு முதலில் வந்த எண்ணம் என்னவென்றால், ஆவணி பிறந்துவிட்டது, சண்டிலிப்பாயிலிருந்து இன்னும் தகவல் வரவில்லையே என்பதுதான். முந்தின கிழமை சேர் கடைக்கு வந்து அதைத்தான் விசாரித்துவிட்டுப் போயிருந்தார். அது என்ன தகவல் என்பது அவரை அறிந்த சிலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு இந்த நினைவுமலரை வெளியிடும் மாணவர்கள் என்னிடமும் ஒரு கட்டுரை கேட்டபோது, ஆள் மாறி வந்துவிட்டார்களோ என்று நினைத்தேன். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். மிசின் கடையொன்றில் எண்ணெய் துடைக்கப் போய், பிறகு சொந்தமாகக் கடை போட்டவன். சேரின் கணிதத்தைப் பற்றி எழுத அவருடைய பகுதியார் இருக்கிறார்கள். அவர் என் கடைக்கு வந்து போன பத்து வருடத்தைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆளில்லை. பொருளாதாரத் தடையில் தாள் இல்லாமல் இந்த மலரையும் கோடு போட்ட கொப்பித் தாளில்தான் அச்சடிக்கிறார்கள். ஆகவே புகழ்மொழியைக் குறைத்து நடந்ததைச் சொல்கிறேன்.

சேர் உடுப்பிட்டியைச் சேர்ந்தவர். கொழும்பில் படித்து, இங்கிலாந்தில் ஆராய்ச்சி செய்து கலாநிதிப் பட்டம் பெற்றவர். பாரமான திரவம் ஒன்றின் மேல் பாரம் குறைந்த திரவம் கிடந்தால், மேலுள்ளதை உறிஞ்சும்போது இரண்டுக்கும் நடுவிலுள்ள கோடு எப்படி வளையும் என்பது அவருடைய ஆராய்ச்சி. வடமராட்சிக் கடலைப் பார்த்து வளர்ந்ததால்தான் அவர் நீரோட்டக் கணிதத்துக்குப் போனார் என்று செத்தவீட்டில் ஒருவர் உரையாற்றினார். அழகான கதைதான். ஆனால் சேர் அதை ஒத்துக்கொண்டிருக்கமாட்டார். நானே ஒருமுறை அப்படிக் கேட்டு வாங்கிக் கட்டியிருக்கிறேன். "கடலோ? எங்கடை வீட்டு வாசலிலை நிண்டு பாத்தால் வெங்காயத் தோட்டம்தான் தெரியும். ஒரு சோதினையிலை தண்ணிக் கணக்கொண்டு பிழைச்சுப் போச்சு. அந்தக் கோவம் இன்னும் அடங்கேல்லை, அவ்வளவுதான்" என்றார்.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தின்போது அவர் தெற்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தார். ரீச்சரோடு அகதிக் கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கியபோது, உடுத்தியிருந்ததைத் தவிர ஒன்றுமில்லை. பல வருட எழுத்துவேலை வீட்டோடு எரிந்துபோயிற்று. கடைக்காரனுக்குக் கடை எரிந்தால் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அதை நினைத்து ஒருநாள் ஆறுதலாக ஏதோ சொல்லப் போனேன். அவர் என்னை இடைமறித்தார். "எரிஞ்சது விடையள்தான், முதலாளி. கேள்வியள் எனக்குப் பாடம்."

எங்கள் பழக்கம் அதற்கு அடுத்த வருடம் தொடங்கியது. அப்போது என் கடை கஸ்தூரியார் வீதியில் இருந்தது. உயரமான, ஒடிசலான ஒருவர் வந்து உள்ளே தண்ணீர் ஓடுவது வெளியே தெரியக்கூடிய மெல்லிய குழாய் ஒரு முழம் கேட்டார். மிசின் வாங்க வந்தவரில்லை என்று கண்டதும் நான் பெரிதாக அக்கறை காட்டவில்லை. அடுத்த நாள் அதே மனிதர், இரண்டு சன்னல் கண்ணாடிகளை நெருக்கமாக வைத்து ஓரங்களைத் தாரால் அடைத்த ஒரு சாமானை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். கண்ணாடிகளின் நடுவே மணல். மணலின் கீழ்ப்பாதியில் சிவப்புத் தண்ணீர், மேல்பாதியில் வெறும் தண்ணீர். சிவப்பு என்னவென்று கேட்டேன். ரீச்சர் பீற்றூட் அவித்த தண்ணீரில் உப்பைக் கரைத்தாராம். குழாயை மணலின் மேல்பக்கத்தில் செருகி, மறுநுனியை என்னிடம் நீட்டினார்.

"நீர்தானே மிசின் விக்கிறவர். இழும் பாப்பம்."

இழுத்தேன். மணலுக்குள்ளே சிவப்பு, புற்று எழும்பினதுபோல் கூம்பாக எழும்பிக்கொண்டு வந்தது. அது குழாயின் நுனியைத் தொட்டது எனக்கு நாக்கில்தான் தெரிந்தது. உப்பும் பீற்றூட்டும் வாய் நிறைய. துப்பிவிட்டு நிமிர்ந்தால் கடையிலிருந்த எல்லோரும் சிரிக்கிறார்கள். சேர் சிரிக்கவில்லை. சிவப்பு இறங்கி ஓயும்வரை பொறுத்திருந்து, இப்போது மெதுவாக, நெடுநேரம் இழுக்கச் சொன்னார். மெதுவாக இழுத்தபோது கூம்பு கொஞ்சம் எழும்பி அந்த உயரத்திலேயே நின்றது. வாய்க்கு நல்ல தண்ணீர் மட்டும் வந்தது.

யாழ்ப்பாணத்துக் கிணறுகளின் கதை அவ்வளவுதான் என்றார். எங்கள் நிலத்துக்குக் கீழே உவர்நீரின் மேல் நல்லநீர் மிதந்துகொண்டிருக்கிறது. பெரிய மிசினைப் பூட்டி அவசரமாக இறைப்பவன் கீழேயுள்ள உவரைத் தானே கூப்பிடுகிறான். நான் வியாபாரி. உடனே என் பக்கத்தை யோசித்தேன். இதை என் கடை வாசலில் வைத்துக் காட்டினால் இரண்டு அங்குல மிசினை ஒருவரும் வாங்கமாட்டார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "கிணறு உவரானால் எந்த மிசினையும் ஒருத்தரும் வாங்காயினம்" என்றார். கண்ணாடிப் பெட்டியை என் கடையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

தன் சரக்கின் குறையை முதலில் சொல்லிவிட்டு விற்கிற மனிதரை என் வாழ்க்கையில் அவர் ஒருவரைத்தான் கண்டேன். இதெல்லாம் மணலுக்குச் சரி, எங்கள் நிலம் சுண்ணாம்புக் கல், கல்லுக்குச் சரிவருமோ தெரியாது என்று அன்றைக்கே சொன்னார். கல் என்ன சொல்லும் என்பதைத் தொண்ணூற்றொன்றில் சண்டிலிப்பாயில் பார்த்தோம்.

அதற்குள் போரினால் நகரத்துக் கடையை விட்டுக் கோண்டாவிலுக்கு வந்திருந்தேன். புதிய மிசின் வருவதில்லை. பழையதைத் திருத்துவதுதான் தொழில். சண்டிலிப்பாயில் என்னிடம் நெடுநாளாக மிசின் திருத்தக் கொடுக்கும் ஒரு குடும்பம் இருந்தது. தங்கரத்தினம் அக்கா, அவருடைய தமையன் வேலாயுதம், ஒன்றுவிட்ட தம்பி பொன்னுத்துரை. மூவருக்கும் ஒரே கிணறு, ஆளுக்கொரு பங்கு. அக்காவின் பங்கு சீதனமாக வந்தது. யார் எந்த நாள் இறைப்பது என்பதும் காணி உறுதியில் எழுதப்பட்டிருந்தது. புருசன் போன பிறகு அந்தத் தோட்டம்தான் அக்காவுக்கு எல்லாம். அந்தக் கிணறு உவராகத் தொடங்கியிருந்தது. மிளகாய்க் கன்றின் இலை கருகியது. முந்தின போகத்துப் புகையிலையைச் சுருட்டுக்காரர் பற்றவைத்துப் பார்த்துவிட்டு, நின்று எரியவில்லை என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். இன்னொரு கோடை இப்படிப் போனால் தோட்டத்தைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளோடு எங்கேயாவது போகவேண்டியதுதான் என்று அக்கா என்னிடம் சொல்லி அழுதார்.

ஆண்கள் இருவரும் எங்கள் ஊரில் எல்லோரும் செய்கிற வேலையைத்தான் செய்ய நின்றார்கள். தண்ணீர் கெட்டால் கிணற்றை இன்னும் ஆழமாக்குவது. நான் சேரைக் கூட்டிக்கொண்டு போனபோது கல்லுடைக்கும் அலவாங்குகள் தயாராக இருந்தன. சேர் கிணற்றை எட்டிப் பார்த்தார், ஆழத்தைக் கேட்டார், தண்ணீரை நாக்கில் வைத்தார். பிறகு சர்வசாதாரணமாக, அடியைக் கல்லும் களிமண்ணும் போட்டு நிரப்புங்கள் என்றார்.

பொன்னுத்துரை என்னைத்தான் பார்த்தான். "முதலாளி, கிணத்தைத் தூர்க்கச் சொல்லுறதுக்கோ இவரைக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்? எங்கடை பாட்டனார் ஒரு வருசம் கல்லுடைச்ச கிணறு."

"உங்கடை பாட்டனார் நல்ல தண்ணியோடை நிப்பாட்டினவர். பிறகு வந்தவைதான் கூட உடைச்சிருக்கினம்" என்றார் சேர்.

அவர் கேட்டது அதோடு முடியவில்லை. மூன்று நாளுக்கொருமுறை ஒருவர் நாள் முழுக்க இறைப்பதை விட்டு, மூவரும் ஒவ்வொரு நாளும் சிறிய மிசினால் கொஞ்சம் கொஞ்சமாக இறைக்கவேண்டும். இதற்கு வேலாயுதம் ஒத்துவரவில்லை. உறுதியில் எழுதின முறையை மாற்றினால் நாளைக்குப் பிள்ளைகள் வழக்கென்று கோட்டுக்குப் போவார்கள் என்றார். அப்படியானால் பழையபடி துலாவால் இறைக்கச் சொல்கிறாரோ என்று பொன்னுத்துரை பகிடி பண்ணினான். துலா நல்லதென்று தான் சொல்லவில்லை, முதுகு முறியும் என்று சேர் பதில் சொன்னார். கதை வளர்ந்துகொண்டே போயிற்று. அதுவரை வேலியோரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அக்கா முன்னுக்கு வந்தார்.

"உப்பை அள்ளத்தான் ஆழமாக்கப் போறியளெண்டால் மாதகலுக்குப் போங்கோ, அங்கை கடல் சும்மா கிடக்குது. அண்ணை, உறுதி என்ரை பெட்டியிலை பத்திரமாய்க் கிடக்கட்டும். ஒரு வருசம் சேர் சொல்லுறமாதிரிச் செய்து பாப்பம். பிழைச்சால் என்ரை பங்கை நீங்களே எடுங்கோ."

அக்கா பங்கைப் பணயம் வைத்ததைக் கேட்டுச் சேரின் முகம் மாறிவிட்டது. திரும்பி வரும்போது சைக்கிளை உருட்டிக்கொண்டே நடந்தார், ஏறவில்லை. "இவ்வளவு நாளும் என்ரை கணக்குப் பிழைச்சால் தாள்தான் கிழியும்" என்றார்.

கணக்குப் பிழைத்தது. அடியை நிரப்பி, மிசினையும் மாற்றிச் சில கிழமை போயும் உவர் குறையவில்லை. அடியில் போட்ட கல்லைப் பொன்னுத்துரை வெளியே எடுக்க வெளிக்கிட்டான். நான் போய்ச் சொன்னபோது சேர் சாட்டுச் சொல்லவில்லை, கோபிக்கவுமில்லை. "கணக்குச் சரி. ஆனால் அது வேறையொரு கிணத்தின்ரை கணக்கு" என்றார். அன்று பின்னேரமே ஒரு கடதாசிச் சரை உமியோடு சண்டிலிப்பாய்க்கு வந்து, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றுக்குள் இறங்கினார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். மேலே மிசினை மெல்ல ஓடவிட்டு, உமியைத் தண்ணீரின் மேல் தூவி, அசையாமல் நின்று பார்த்தார். கயிற்றைப் பிடித்திருந்த பொன்னுத்துரை, கலாநிதி கோழிக்குத் தீன் போடுகிறார் என்று முணுமுணுத்தான். உமி முழுவதும் ஒரு பக்கத்திலிருந்து விலகி விலகி வந்தது. அந்தப் பக்கத்துச் சுவரில், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே கையை விட்டுத் தடவினார். கல்லில் ஒரு வெடிப்பு. அதற்குள்ளிருந்து வந்த தண்ணீரை நாக்கில் வைத்துவிட்டு மேலே பார்த்துச் சிரித்தார். உவரைக் கண்டு சந்தோசப்பட்ட மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தேன். வெடிப்பைச் சாக்கும் களியும் வைத்து அடைக்கச் சொன்னார். கயிற்றைப் பிடித்திருந்தவனே இறங்கி அடைத்தான்.

இனி எவ்வளவு இறைக்கலாம் என்பதற்குப் புதிதாகக் கணக்குப் போடவேண்டியிருந்தது. வெடிப்புள்ள நிலத்துக்குச் சூத்திரம் இல்லையாம், கணினிதான் வேண்டுமாம். மின்சாரம் நின்று ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. சேர் என்ன செய்தார் என்பதை அன்று பல்கலைக்கழக மண்டபத்தில் இருந்த மாணவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கிணற்றைச் சுற்றியுள்ள நிலத்தைச் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரு மாணவரைக் கதிரையில் இருத்தினார். ஒவ்வொருவரிடமும் ஓர் எண். முன்னும் பின்னும் இரு பக்கமும் இருக்கும் நால்வரின் எண்களையும் கேட்டு, கூட்டி, நாலால் பிரித்து, அதைத் தன் புதிய எண்ணாக வைக்கவேண்டும். பிறகு மறுபடியும். எண்கள் மாறாமல் நிற்கும்வரை இதுதான் வேலை. சந்தைக் கூச்சல்போல இருந்தது. ஒருவர் வரவில்லை என்று, எட்டிப் பார்க்கப் போன என்னையும் பிடித்து நடுவில் இருத்திவிட்டார்.

இரண்டு மூன்று சுற்று ஒழுங்காகத்தான் செய்தேன். பிறகு பொறுக்கமுடியாமல் எழும்பி, இப்போதுதானே ஒன்றைச் சொன்னேன், பிறகேன் மாற்றச் சொல்கிறீர்கள், ஒருமுறை சொன்ன விலையை நான் மாற்றுகிறவனில்லை என்றேன். மண்டபம் சிரித்தது. சேர் மட்டும் நான் சொன்னதை நியாயமாக எடுத்துக்கொண்டார்.

"அப்ப நீர் ஓரத்துக்குப் போம். ஓரத்திலை இருக்கிறவையின்ரை எண் மாறாது. அதுகள் மாறாமல் நிண்டால்தான் நடுவிலை இருக்கிறவைக்கு விடை வரும்."

ஓரத்தில் போய் இருந்தேன். விடை வந்தது. அந்த விடையைச் சண்டிலிப்பாய்க்குக் கொண்டுபோய், மிசின் எந்த வேகத்தில் ஓடவேண்டும் என்று அதன் வேகம் கூட்டும் பிடியில் கோடு கீறிக் கொடுத்தவன் நான்.

மாரி மழை பிடித்தது. கிணறு நல்ல தண்ணீராகிவிட்டது. வேலாயுதம் ஒரு கதலி வாழைக்குலையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சேரின் வீட்டுக்கே போய்விட்டார். சேர் வாங்கவில்லை. "இது மழை செய்த வேலை. மழையின்ரை பேரை நான் எடுக்கக்கூடாது. ஆவணி வரட்டும்" என்று திருப்பி அனுப்பினார். எங்கள் ஊரில் கிணறுகள் அதிகம் வற்றுவதும் உவர் ஏறுவதும் ஆவணியில். ஒரு ஆவணி போதாது, மூன்று ஆவணி தாங்கினால்தான் கட்டுரையாக எழுதுவேன் என்றும் சொன்னார். வெளிநாட்டிலிருந்த பழைய கூட்டாளிகள் உடனே எழுதச் சொல்லிக் கேட்டார்களாம். அவர் அசையவில்லை. கையில் இருக்கும் சரக்கை விலை போகும்போது விற்காமல் வைத்திருப்பவரை நான் வழமையாக முட்டாள் என்பேன். இவரை அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

தண்ணீரைப் போத்தலில் எடுத்து இரசாயனப் பகுதியில் சோதிப்பார். மருந்துச் சரக்குத் தீர்ந்து அது நின்றபோது அக்கா ஒரு வழி சொன்னார். உவர்த் தண்ணீரில் பருப்பு அவியாது. அடுப்பில் வைத்தால் தெரிந்துவிடும். சேருக்கு அது நன்றாகப் பிடித்துக்கொண்டது. ஒரே பருப்பு, ஒரே சட்டி, ஒரே அளவு தண்ணீர் என்று நிபந்தனை மட்டும் போட்டார். முதல் ஆவணியில் பருப்பு அவிந்தது. அக்கா என் கடைக்குத் தகவல் அனுப்ப, நான் சேரிடம் போய்ச் சொன்னேன். இரண்டாவது ஆவணியிலும் அவிந்தது, ஆனால் கொஞ்சம் பிந்தி. சேர் மனம் நோவாரென்று பிந்தினதைச் சொல்லாமல் விடலாமோ என்று அக்கா கேட்டனுப்பியிருந்தார். நான் அதையும் சேர்த்துத்தான் சொன்னேன். "பிந்தினதைச் சொன்னதுக்குத்தான் கூடச் சந்தோசம். இனி அவிஞ்சதையும் நம்பலாம்" என்றார். விசாரித்ததில், பொன்னுத்துரை நான் கீறின கோட்டுக்கு மேலே மிசினைக் கொஞ்சம் முறுக்கியிருந்தது தெரிந்தது.

இது மூன்றாவது ஆவணி.

செத்தவீடு முடிந்து, சுடலைக்குப் போனவர்கள் திரும்பி வந்து கால் கழுவிக்கொண்டிருந்தோம். அந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்பதால் அயலவர்களும் உறவினர்களும் சாப்பாடு கொண்டுவந்துகொண்டிருந்தார்கள். பொன்னுத்துரை சைக்கிளில் தங்கரத்தினம் அக்காவை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான். அக்காவின் மடியில் துணியால் வாய்கட்டிய ஒரு சட்டி. அவ்வளவு தூரம் அதை ஆட்டாமல் கொண்டுவந்திருக்கிறார். நேரே ரீச்சரிடம் போய்ச் சட்டியை இறக்கி வைத்தார். அழுகை அடங்கிய பிறகு சொன்னார்.

"சேர் கேட்டுக்கொண்டிருந்தவர் எண்டு முதலாளி சொல்லியனுப்பினவர். கிணத்துத் தண்ணியிலைதான் வைச்சனான், ரீச்சர். அவிஞ்சிருக்கு. இந்தமுறை பிந்தேல்லை."

ரீச்சர் துணியை அவிழ்த்தார். இரு விரலால் ஒரு பருப்பை எடுத்து நசித்துப் பார்த்தார். அது மாவாகிப் போயிற்று. பக்கத்தில் நின்ற நந்தகுமாரிடம் விரலை நீட்டிக் காட்டி, "எழுதுங்கோ" என்றார்.

நந்தகுமாரும் மற்ற மாணவர்களும் எழுதுவார்கள். அது அவர்களுடைய வேலை. என்னிடம் மிஞ்சியிருப்பது, தார் வெடித்து மறுபடி அடைத்த அந்தக் கண்ணாடிப் பெட்டி. அது கடையில் என் மேசைமேல் இருக்கிறது. பெரிய மிசினைத் தேடி வருகிறவர்களிடம் குழாயைக் கொடுத்து இழுக்கச் சொல்கிறேன். துப்பிய பிறகு திருத்தி வைத்திருக்கும் சின்ன மிசினைக் காட்டுகிறேன். அதோடு ஓரத்துக் கதிரையும் எனக்குத்தான். அடுத்த ஆவணியில் சண்டிலிப்பாய்க்குப் போய், பருப்பு அவிந்ததோ என்று கேட்கப்போகிறவன் நான். மூன்று போதும் என்று சேர் சொன்னவர்தான். நான் வியாபாரி. நாலாவதையும் பார்ப்பேன்.